ஆல்தியா கிப்சனின் வரவு செலவு

2025-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட 25 சென்ட் நாணயம் ஒன்றின் பின்பக்கத்தில் ஆல்தியா கிப்சன் இருக்கிறார், கையில் டென்னிஸ் பேட்டோடு. நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. அதனாலோ என்னவோ, எந்த ஆட்டக்காரரின் வரலாற்றைப் படித்தாலும் கோப்பைகளுக்கு முன்னால் வேறு சில கேள்விகள் எனக்குள் வந்து நிற்கும். பேட் யார் வாங்கிக் கொடுத்தது? ரயில் டிக்கெட் யார் எடுத்தது? தோற்ற அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு யார் காசில்? விம்பிள்டன் ஜெயித்த முதல் கறுப்பினப் பெண் என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியாக நிற்கிறாரே, அந்த ஆல்தியாவின் கதையை இந்தக் கேள்விகளோடு படித்துப் பாருங்கள். பெண்கள் டென்னிஸ் என்று ஒரு தொழிலே சரியாக உருவாகாத காலத்தில் அதன் உச்சிக்குப் போனவர் அவர். போன பிறகு, அங்கே சம்பளம் கொடுக்க யாரும் இல்லை என்று கண்டுகொண்டவர்.

பிறந்தது 1927 ஆகஸ்டில், தென் கரோலினா மாநிலத்தில் சில்வர் என்ற சிற்றூரில். அப்பா டேனியல், அம்மா ஆனி. அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி போட்ட குடும்பம். 1930 வாக்கில் பிழைப்புத் தேடி நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்து, வெஸ்ட் 143-ஆம் தெருவில் குடியேறினார்கள். கோடைக்காலத்தில் பகல் நேரத்தில் அந்தத் தெருவில் வண்டி வராமல் தடுப்பு வைத்து மறித்து, பிள்ளைகளை விளையாட விட்டுவிடுவார்கள். போலீஸ் விளையாட்டுச் சங்கத்தின் ஏற்பாடு அது. தார் ரோட்டில் கோடு கிழித்து, நரம்பில்லாத கட்டை மட்டையால் ஆடும் பேடில் டென்னிஸ்தான் அங்கே பிரதானம். ஆல்தியாவின் வீட்டு வாசலிலேயே அது நடந்தது அவருடைய அதிர்ஷ்டம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ஊர் சுற்றுவதும், வீட்டுக்குப் போகப் பயந்து ராத்திரி முழுக்கச் சுரங்க ரயிலிலேயே போய்வந்து கொண்டிருப்பதும், கடைசியில் அப்பாவிடம் அடி வாங்குவதுமாக இருந்த பிள்ளை, 12 வயதில் நியூயார்க் நகரப் பெண்கள் பேடில் டென்னிஸ் சாம்பியன் ஆனார். அப்பாவுக்கு அதில் பெரிய பெருமை இருந்ததாகத் தெரியவில்லை. மகளைக் குத்துச்சண்டைக்காரி ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை. குத்து பழக்கவும் செய்தார்.

தெரு ஆட்டத்தை மேற்பார்த்தவர் பட்டி வாக்கர். வாத்தியக் குழு வைத்திருந்தவர், கோடையில் இந்த வேலை. கட்டை மட்டையிலேயே இப்படி அடிக்கிற பிள்ளை நரம்பு கட்டிய மட்டையில் எப்படி அடிக்கும் என்று பார்க்க அவருக்கு ஆசை. ஒன்று 5 டாலர் விலையில், மறுபடி கட் (நரம்பு) போட்ட பழைய பேட் இரண்டு வாங்கிக் கொடுத்து, பூங்காவில் ஒரு சுவரைக் காட்டி அடிக்கச் சொன்னார். ஆல்தியாவின் கணக்கில் முதல் வரவு இந்தப் பத்து டாலர்.

அடுத்த வரவு ஒரு கிளப்பிலிருந்து வந்தது. ஹார்லெமில் வசதியான கறுப்பினத்தவர்களுக்கென்று காஸ்மோபாலிடன் டென்னிஸ் கிளப் இருந்தது. டாக்டர்கள், வக்கீல்கள், பள்ளி ஆசிரியர்கள். ஆல்தியா ஆடுவதைப் பார்த்துவிட்டு உறுப்பினர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இளையோர் சந்தாவைக் கட்டினார்கள். கோச் ஃப்ரெட் ஜான்சனுக்கு ஒரு கைதான். அந்த ஒரு கையாலேயே பந்தைத் தூக்கிப்போட்டு சர்வீஸ் போடுவார். ரோடா ஸ்மித் என்ற உறுப்பினர் முதல் வெள்ளை ஆட்ட உடையை வாங்கிக் கொடுத்தார். கூடவே நடை உடை பாவனையும் கற்றுக் கொடுக்க முயன்றார். கோர்ட்டுக்குள் பக்கத்துக் கோர்ட் பந்து உருண்டு வந்தால் எடுத்து மரியாதையாகத் திருப்பிப் போட வேண்டும். கண்ட பக்கம் அடித்து விரட்டக் கூடாது. ஆல்தியாவுக்கு இதெல்லாம் எரிச்சலாக இருந்தது. எதிராளியை அடித்து வீழ்த்துவதுதானே ஆட்டம், இதில் உபசாரம் என்ன என்பது தெருவில் ஆடிய பிள்ளையின் நியாயம்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கதை உண்டு. என் அப்பா ஒரு கிளப்பில் மார்க்கர். மெம்பர்களோடு பந்தடித்துக் கொடுப்பது, கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுப்பது, பேட்டுக்குக் கட் போடுவது எல்லாம் அவர் வேலை. மெம்பர்கள் ஆடி முடித்து வெளிச்சம் மங்கின பிறகு, பின் கேட் வழியாக என்னை உள்ளே விடுவார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் இரக்கத்தில் உள்ளே வந்த பிள்ளைக்கு அது ஒவ்வொரு நாளும் தெரியும். எந்த நாற்காலியில் உட்காரலாம், எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கலாம் என்று யாரும் சொல்லாமலே தெரியும். ஆல்தியாவின் அந்தக் காலத்து முரட்டுத்தனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் குணக்கேடாக எழுதிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

வெள்ளையர்களின் டென்னிஸ் சங்கப் போட்டிகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்பதால், அவர்கள் 1916-லேயே அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன் என்று தனியாக ஒரு சங்கம் வைத்து, தனியாக தேசியப் போட்டி நடத்தி வந்தார்கள். ஏ.டி.ஏ. என்று சுருக்கம். ஆல்தியா 1944-லும் 45-லும் அங்கே இளம்பெண்கள் பட்டம் வென்றார். 1946-ல் பெரியவர்கள் பிரிவு இறுதியாட்டத்தில் ருமேனியா பீட்டர்ஸிடம் தோற்றார். இந்தத் தோல்விதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது என்பது வேடிக்கை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். வடக்கு கரோலினா வில்மிங்டனைச் சேர்ந்த ஹ்யூபர்ட் ஈட்டன், வர்ஜீனியா லிஞ்ச்பர்க்கைச் சேர்ந்த ராபர்ட் வால்டர் ஜான்சன். இருவர் வீட்டிலும் சொந்த டென்னிஸ் கோர்ட் உண்டு. அப்போது வெள்ளையர்களின் தேசியப் போட்டி நடந்த ஃபாரஸ்ட் ஹில்ஸுக்குள் ஒரு கறுப்பின ஆட்டக்காரரை அனுப்பியே தீர்வது என்று நெடுநாளாக ஆள் தேடிக்கொண்டிருந்தவர்கள். ஒப்பந்தம் சுலபமானது. பள்ளி மாதங்களில் ஆல்தியா ஈட்டன் வீட்டில் பிள்ளையாக வளர்வார். கோடையில் ஜான்சன் வீட்டில் தங்கி, அவர் காரில் போட்டி போட்டியாகப் போவார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டிருந்தவர், 19 வயதில் மறுபடி உயர்நிலைப் பள்ளி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஹார்லெமில் அப்பா அடித்தும் படியாத பிள்ளை, வில்மிங்டனில் படித்து முடித்து, 1949-ல் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு சேர்ந்தார்.

1947-லிருந்து 1956 வரை ஏ.டி.ஏ. பெண்கள் பட்டம் தொடர்ந்து பத்து வருஷம் அவருடையதுதான். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எதிர்த்து நிற்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

அந்தக் கால டென்னிஸின் காசு விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. விம்பிள்டன், பாரீஸ், ஃபாரஸ்ட் ஹில்ஸ், ஆஸ்திரேலியா எல்லாம் அமெச்சூர் போட்டிகள். ஜெயித்தால் கோப்பை உண்டு, கைகுலுக்கல் உண்டு, பரிசுப் பணம் கிடையாது. பயணச் செலவு, தங்கும் செலவு என்று ஒரு படி மட்டும் கொடுப்பார்கள். பெரிய ஆட்டக்காரர்களுக்கு மேஜைக்கு அடியில் கூடுதலாக ஏதாவது கை மாறும். அதை எல்லாரும் அறிந்து யாரும் பேசாமல் இருப்பது அன்றைய நாகரிகம். காசுக்கு ஆடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னால் அன்றோடு இந்தப் போட்டிகளின் கதவு அடைபடும். சொத்துள்ளவர்களுக்குத் தோதாகச் சொத்துள்ளவர்கள் செய்த ஏற்பாடு இது. ஆடுகிறவருக்கு வேறு வருமானம் இருக்கும் என்பது அதன் அஸ்திவாரம்.

கதவைத் தாண்டிப் போன பெண்கள் இல்லாமல் இல்லை. பிரான்சின் சூசான் லெங்லென், விம்பிள்டன் ஒற்றையரை ஆறு முறை வென்றவர், 1926-ல் சி. சி. பைல் என்ற அமெரிக்க வியாபாரியிடம் 50,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டு ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடினார். விம்பிள்டன் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் 1941-ல் அப்படி ஒரு சுற்றுப்பயணம் போனார். 1947-ல் பாலின் பெட்ஸுக்கு நடந்ததுதான் கொடுமை. முந்தின வருஷ விம்பிள்டன் சாம்பியன் அவர். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகலாமா என்று யோசனை கேட்ட அளவிலேயே அமெரிக்க சங்கம் அவருடைய அமெச்சூர் தகுதியைப் பறித்துவிட்டது. ஆண்களுக்காவது தொழில்முறைச் சுற்றுப்பயணம் என்று வருஷா வருஷம் ஏதோ ஒன்று நடந்தது. பெண்களுக்கு அது எப்போதாவது வரும் சர்க்கஸ். ஒருத்தி போவாள், ஓரிரு பருவம் ஆடுவாள், கூட்டம் குறைந்ததும் கூடாரத்தைச் சுருட்டிவிடுவார்கள். தொழில் என்று அதைச் சொல்ல முடியாது.

இந்த உலகத்துக்குள்தான் ஆல்தியா நுழைய வேண்டியிருந்தது. 1950-ல் தேசிய உள்ளரங்கப் போட்டியில் இறுதிவரை போய் நான்சி சேஃபியிடம் தோற்றார். உள்ளரங்கில் சேர்த்துக்கொண்டதில் பெரிய சங்கடம் இல்லை, ராணுவக் கூடங்களில் நடக்கும் போட்டிகள் அவை. புல்தரைப் போட்டிகள் தனியார் கிளப்புகளில் நடப்பவை. அங்கே கோர்ட் மட்டுமா இருக்கிறது? உடை மாற்றும் அறை, குளியல் அறை, சாப்பாட்டு மேஜை எல்லாம் இருக்கின்றன. நியூஜெர்சியில் மேபிள்வுட் கிளப்புக்கு விண்ணப்பித்தபோது, இவருடைய ஆட்டத்தைப் பற்றிப் போதுமான தகவல் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். தேசிய இறுதியாட்டக்காரரைப் பற்றித் தகவல் இல்லையாம்!

அப்போது எழுதினார் ஆலிஸ் மார்பிள். 1950 ஜூலை மாத அமெரிக்கன் லான் டென்னிஸ் இதழில், தான் உயிராக நேசித்த ஆட்டத்தின் ஆட்களைப் பார்த்து, வெட்கமாக இல்லையா என்ற தொனியில் ஒரு கட்டுரை. டென்னிஸ் பெண்களும் கனவான்களும் ஆடும் ஆட்டம் என்றால் அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ள வேண்டிய நேரம் இது என்பது சாரம். மார்பிள் உள்ளேயும் இருந்தவர், காசுக்கு ஆடி வெளியேயும் போனவர். அவரை இனிமேல் தண்டிக்க சங்கத்தின் கையில் ஒன்றும் இல்லை. அந்தச் சுதந்திரம் அந்தக் கட்டுரையில் தெரியும். நியூஜெர்சியிலேயே ஆரஞ்ச் லான் டென்னிஸ் கிளப் ஆல்தியாவைச் சேர்த்துக்கொண்டது. ஆகஸ்டில் ஃபாரஸ்ட் ஹில்ஸும் சேர்த்துக்கொண்டது.

முதல் ஆட்டத்துக்கு ஒரு மூலைக் கோர்ட்டை ஒதுக்கினார்கள். பார்பரா நாப்பை 6-2, 6-2 என்று முடித்தார். அடுத்து லூயிஸ் ப்ரஃப், அப்போதைய விம்பிள்டன் சாம்பியன். முதல் செட் 1-6 என்று போனது, இரண்டாவது 6-3 என்று வந்தது. மூன்றாவது செட்டில் ஆல்தியா 7-6 என்று முன்னால் இருக்கும்போது வானம் கருத்து இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. மின்னல் தாக்கி, அரங்கத்தின் விளிம்பில் நின்ற கல் கழுகு ஒன்று பெயர்ந்து விழுந்தது. ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப் போனது. ஒரு ராத்திரி முழுக்கப் பத்திரிகைக்காரர்களும் போட்டோக்காரர்களும் பின்னால் அலைந்தால், 23 வயதில் யாருக்குத் தூக்கம் வரும்? மறுநாள் பதினொரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. 7-9.

இதற்குப் பிறகு நேரே உச்சிக்குப் போயிருப்பார் என்று நினைப்போம். போகவில்லை. 1951-ல் விம்பிள்டனுக்குப் போனது ஒரு சாதனைதான். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் டெட்ராய்ட் ஹோட்டலில் தன் அறைகளைத் தங்கிப் பயிற்சி எடுக்கக் கொடுத்து, லண்டன் போய்வர விமான டிக்கெட்டும் ஏற்பாடு செய்தார். ஆட்டத்தில் மூன்றாவது சுற்றோடு பெவர்லி பேக்கரிடம் தோற்றுத் திரும்பினார். அதிலிருந்து நாலு வருஷம் ஒரே தேக்கம். அமெரிக்கத் தரவரிசையில் ஏழு, ஒன்பது என்று வந்தவர் 1954-ல் பதின்மூன்றுக்கு இறங்கினார். கறுப்பின வாசகர்களின் பத்திரிகை ஒன்றே டென்னிஸின் பெரிய ஏமாற்றம் என்று எழுதியது. 1953-ல் பட்டம் வாங்கி, மிசௌரி மாநிலம் ஜெஃபர்சன் சிட்டியில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியை ஆனார். முதல் முறையாக மாதச் சம்பளம். வயது 26.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகப் புரியும். வேலை கிடைப்பதற்காக ஆடுகிறோம். வேலை கிடைத்த நாளிலிருந்து ஆட்டம் இளைக்க ஆரம்பிக்கிறது. எனக்குப் பணி ஆணை வந்த அன்று அப்பா சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினார். அதற்குப் பிறகு நான் ஜெயித்ததெல்லாம் வங்கிகளுக்கு இடையிலான போட்டிகளில்தான். குறை சொல்லவில்லை. மார்க்கர் மகளுக்கு அந்தக் கவுண்டர் நாற்காலி எந்தக் கோப்பைக்கும் குறைந்ததில்லை. ஆனால் ஆல்தியாவுக்கு அது போதவில்லை. டென்னிஸை விட்டுவிட்டு ராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர விண்ணப்பம் வரைக்கும் போனார்.

தடுத்தவர் சிட்னி லூவெலின். ஜமைக்காக்காரர், ஹார்லெமில் டாக்ஸி ஓட்டிக்கொண்டே டென்னிஸ் சொல்லிக் கொடுத்தவர். ஆல்தியா பேட் பிடிக்கிற பிடியையே மாற்றினார். வளர்ந்த ஆட்டக்காரரின் பிடியை மாற்றுவது லேசான வேலையில்லை. கொஞ்ச காலம் எல்லாப் பந்தும் வெளியே போகும். தோற்கிறவர் கோச்சைத்தான் திட்டுவார். 1955 ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஆல்தியா மூன்றாம் சுற்றில் வெளியேறினார். அங்கேதான் அமெரிக்க டென்னிஸ் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து ஒரு செய்தி சொன்னார்: வெளியுறவுத் துறை ஆசியாவுக்கு நல்லெண்ணத் தூதாக ஆட்டக்காரர்கள் சிலரை அனுப்புகிறது, நீயும் போகிறாயா?

காரணம் சாதாரணமானது. சோவியத் யூனியனோடு போட்டி போட்டு ஆசிய நாடுகளின் மனத்தைப் பிடிக்க வேண்டிய நேரம். மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அந்த ஆகஸ்டில்தான் கொன்றிருந்தார்கள், செய்தி உலகமெங்கும் போயிருந்தது. எங்கள் நாட்டில் கறுப்பினத்தவருக்கும் இடம் இருக்கிறது என்று காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டார். ஆல்தியாவுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் போனார், நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஹாமில்டன் ரிச்சர்ட்சன், பாப் பெர்ரி, கரோல் ஃபேகராஸ் ஆகிய மூவரோடு பர்மா, இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, தாய்லாந்து என்று போன பயணம் அது. வாரக் கணக்கில் தினமும் ஆட்டம், செலவு முழுக்க அரசுடையது. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்காமல் ஆல்தியா டென்னிஸ் ஆடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவருடைய ஆட்டம் எங்கே முதிர்ந்தது என்று கேட்டால் பலர் லூவெலின் மாற்றிய பிடியைச் சொல்வார்கள். நான் இந்த அரசாங்கப் படியைச் சொல்வேன்.

இந்தியாவில் ஆடும்போது இங்கிலாந்தின் ஏஞ்செலா பக்ஸ்டனோடு பழக்கம் ஏற்பட்டது. பக்ஸ்டன் யூதப் பெண். லண்டன் கிளப்புகளில் அவருக்கும் கதவு அடைத்திருந்தார்கள். இருவரும் 1956-ல் இரட்டையரில் சேர்ந்து பாரீஸிலும் விம்பிள்டனிலும் ஜெயித்தார்கள். பாரீஸ் ஒற்றையர் இறுதியில் ஆல்தியா ஏஞ்செலா மார்ட்டிமரை 6-0, 12-10 என்று வென்றார். கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர், ஆணோ பெண்ணோ, அவர்தான். இரண்டாவது செட்டின் 12-10 என்ற எண்ணைப் பாருங்கள். முதல் செட்டை அப்படி விழுங்கியவருக்கு முடிக்கும்போது கை நடுங்கியிருக்கிறது.

1957 விம்பிள்டன் இறுதி, ஜூலை 6. நல்ல வெயில். டார்லீன் ஹார்டை 6-3, 6-2 என்று ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார். எலிசபெத் ராணி தன் கையால் வெள்ளித் தட்டைக் கொடுத்தார். அந்தத் தட்டு கிளப்பின் சொத்து. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஜெயித்தவருக்குச் சிறிய நகல் ஒன்று தருவார்கள். ஊர் திரும்பியதும் ஜூலை 11 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் திறந்த காரில் ஊர்வலம், மாடிகளிலிருந்து காகிதத் துண்டுகள் மழையாக விழுந்தன. மேயர் பதக்கம் கொடுத்தார். அந்த மாதமே சிகாகோ பக்கம் களிமண் தரைப் போட்டிக்குப் போனபோது, அந்தப் பகுதி ஹோட்டலில் அறை கொடுக்க மறுத்தார்கள். ஒரு பெரிய ஹோட்டலின் சாப்பாட்டு அறையில் அவருக்கு விருந்து வைக்கக் கேட்டதற்கும் இடமில்லை என்றார்கள். அந்தப் போட்டியையும் ஜெயித்தார். செப்டம்பரில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் இறுதியில் எதிரே நின்றவர் அதே லூயிஸ் ப்ரஃப். 6-3, 6-2. இந்தத் தடவை இடி மழை இல்லை. துணை ஜனாதிபதி நிக்சன் கோப்பை கொடுத்தார். 1958-ல் விம்பிள்டனையும் ஃபாரஸ்ட் ஹில்ஸையும் மறுபடி வென்றார். ஒற்றையர் ஐந்து, இரட்டையர் ஐந்து, கலப்பு இரட்டையர் ஒன்று என்று மொத்தம் 11 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், எல்லாம் மூன்று வருஷத்துக்குள். பரிசுப் பணம் சுழியம்.

கிரீடத்தைத் தின்ன முடியாது என்று அவரே பின்னால் எழுதினார். வரி வசூலிக்கிறவருக்கும் வீட்டுக்காரருக்கும் கோப்பை தேவையில்லை, பணம்தான் தேவை. 1958 கடைசியில் அமெச்சூர் ஆட்டத்திலிருந்து விலகினார். உலகத்தின் முதல் ஆட்டக்காரர், வயது 31, விற்கத் தயார். வாங்க ஒரு கடை இல்லை. நல்ல குரல் இருந்ததால் 1959-ல் ஓர் இசைத்தட்டு போட்டார், விற்கவில்லை. ஜான் ஃபோர்ட் எடுத்த தி ஹார்ஸ் சோல்ஜர்ஸ் படத்தில் அடிமைப் பெண்ணாக நடித்தார். அடிமைகள் பேசுவதாக வெள்ளையர்கள் எழுதிவைத்த கொச்சையைப் பேச மாட்டேன் என்று மறுத்து, வசனத்தை மாற்ற வைத்தார்.

கடைசியில் கூப்பிட்டவர்கள் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ், வேடிக்கை காட்டிக் கூடைப்பந்து ஆடும் குழு. அவர்கள் ஆட்டத்துக்கு முன்னால், கூடைப்பந்துத் தரையில் வலை கட்டி ஆல்தியாவும் கரோல் ஃபேகராஸும் டென்னிஸ் ஆட வேண்டும். தங்க நிற உள்ளாடை போட்டு ஆடி விம்பிள்டனைக் கலங்க வைத்தவர் அந்த ஃபேகராஸ். ஊர் ஊராக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஆல்தியாதான் ஜெயித்தார். வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர் அளவுக்குக் கிடைத்தது, அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. கையில் காசு வந்ததும் அவர் செய்ததைத்தான் நான் மெச்சுகிறேன், முடிவு மோசமாக இருந்தாலும். அடுத்தவர் கூடாரத்தில் ஆடாமல் தானே கம்பெனி வைத்துத் தானே சுற்றுப்பயணம் நடத்திப் பார்த்தார். கூட்டம் வரவில்லை. ஜனங்கள் கூடைப்பந்து வேடிக்கைக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சம்பாதித்தது கடனில் போனது. பிறகு ஒரு பிரட் கம்பெனிக்கு மக்கள் தொடர்பு வேலை. 1964-ல் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தில் முதல் கறுப்பின உறுப்பினர். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இன்னொரு ஆட்டத்தில் காசுக்கு ஆடுவது எத்தனை பேருக்கு முடியும்? சில கிளப்புகள் கட்டடத்துக்குள் விடாததால் காருக்குள்ளேயே ஷூ மாற்றிக்கொண்டு ஆடினார். 1970-ல் ஒரு போட்டியில் இரண்டாம் இடம்வரை வந்தார். பெரிய வருமானம் அதிலும் இல்லை.

அவர் கோல்ஃப் மைதானத்தில் நிற்கும்போதுதான் டென்னிஸ் திறந்தது. 1968-ல் விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களை அனுமதித்துப் பரிசுப் பணம் அறிவித்தது. ஆண்களில் ஜெயித்த ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பெண்களில் ஜெயித்த பில்லி ஜீன் கிங்குக்கு 750. பில்லி ஜீன் 13 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளப் ஒன்றில் ஆல்தியா ஆடுவதைப் பார்த்து வாய் பிளந்து நின்றவர். 1970-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் ஆண்களுக்கு 12,500 டாலர், பெண்களுக்கு 1,500 என்று அறிவித்தபோது அவரும் இன்னும் எட்டுப் பேரும் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார்கள். பத்திரிகையாசிரியர் கிளாடிஸ் ஹெல்ட்மன் ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அவர்களுக்குத் தனிப் போட்டி நடத்தினார். பணம் ஒரு சிகரெட் கம்பெனியுடையது. சங்கம் தடை விதித்துப் பார்த்தது. பாலின் பெட்ஸ் காலத்தில் தடை என்றால் ஒருத்தி தனியாக வெளியே நிற்பாள். இப்போது ஒன்பது பேர் சேர்ந்து நின்றதால் வெளியேயே ஒரு போட்டி நடந்தது, தடைக்கு மதிப்பில்லாமல் போனது. அடுத்த வருஷம் பில்லி ஜீன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். 1973-ல் பெண்கள் டென்னிஸ் சங்கம் பிறந்தது, அமெரிக்க ஓப்பன் அதே வருஷம் இருபாலாருக்கும் சமப் பரிசு கொடுத்தது. விம்பிள்டனுக்கு அந்தப் புத்தி வர 2007 ஆயிற்று. ஆல்தியா நாற்பதைத் தாண்டிய பிறகு திரும்பி வந்து சில போட்டிகள் ஆடிப் பார்த்தார். கால் ஓடவில்லை.

எழுபதுகளின் நடுவில் நியூஜெர்சி மாநிலத்தின் விளையாட்டு ஆணையர் பதவி, கொஞ்ச காலம். பிறகு சிறு சிறு வேலைகள். தொண்ணூறுகளில் பக்கவாதம், தனிமை, மருந்துச் செலவு, வாடகை. யாரையும் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டவர் ஒரு நாள் ஏஞ்செலா பக்ஸ்டனுக்குப் போன் செய்தார். கையில் ஒன்றுமில்லை, இனி வாழ்வதில் அர்த்தமில்லை என்றார். பக்ஸ்டன் முதலில் தன் காசில் வாடகையைக் கட்டிவிட்டு, ஒரு டென்னிஸ் பத்திரிகைக்கு ஆல்தியாவின் நிலைமையை எழுதி அனுப்பினார். அது அச்சானது 1996-ல். அந்த வருஷம் விம்பிள்டன் ஜெயித்த ஸ்டெஃபி கிராஃபுக்கு மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் பரிசு.

கடிதத்தைப் படித்தவர்கள் பல நாடுகளிலிருந்து தபால் உறையில் பணம் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் சேர்ந்தது. 2003 செப்டம்பர் 28-ல் ஈஸ்ட் ஆரஞ்சில் இறக்கும்போது ஆல்தியாவுக்கு 76 வயது. வங்கிப் போட்டிகளைத் தவிர வேறெதையும் பெரிதாக ஜெயிக்காத எனக்கு மாதா மாதம் தவறாமல் பென்ஷன் வருகிறது. விளையாட்டு ஒதுக்கீடு என்றால் இளப்பமாகப் பேசுகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் வாதாடுவதில்லை, ஆல்தியா கிப்சனின் கடைசிப் பத்து வருஷத்தைப் படிக்கச் சொல்கிறேன்.